கேமரா கண்காட்சியில் ஒரு வாடாமல்லிப் புடவை

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, சென்னையில் நடந்த ஒரு பெரிய கேமரா கண்காட்சியின் நட்டநடுவில், ஒரு புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சுற்றிலும் பீரங்கி மாதிரி லென்ஸ்கள். மேடையில் மாடல் பெண்கள். அவர்களைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்த போட்டோகிராபர்கள் ஒரு கும்பல். அத்தனை பேரும் ஒரு நிமிடம் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். எங்களை என்றால்... புடவையின் ஒரு முனையில் நான். மறு முனையில் சாவித்திரி.

ஏன் இந்த வேலை? சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் ஸ்டுடியோ தெரியும். திருத்தணி ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். மாடியில் ஒரே அறை. கல்யாணம், வளைகாப்பு, பாஸ்போர்ட் சைஸ்... கிருத்திகை வந்தால் மலையிலிருந்து இறங்கும் மொட்டைக் குழந்தைகள். தலையில் பூசிய சந்தனம் காய்ந்து உதிர்வதற்குள் ஒரு படம் வேண்டும் என்று படிக்கட்டில் வரிசை கட்டுவார்கள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. 'போட்டோ எடுக்கப்போறது மேடமா?' என்று கேட்பவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். ஒழிந்துவிடவில்லை.

சாவித்திரிக்கு ஆர்.கே.பேட்டை. வீட்டில் நான்கு தறி. அவரும் கணவரும் நெய்வது காட்டன் புடவை. மூன்று வருடத்துக்கு முன் கடைகளை நம்பாமல், போனில் படம் போட்டு நேரடியாக விற்கத் தொடங்கினார். படம் எடுத்துத் தருவது நான். மாதத்துக்கு இரண்டு வியாழக்கிழமை, டவுன் பஸ்ஸில் ஒரு மூட்டைப் புடவையோடு வந்து இறங்குவார். ஒவ்வொன்றாக விரித்து, மடிப்பு வைத்து, நான் எடுக்க எடுக்க அதன் விலாசக் கதையெல்லாம் சொல்வார். எது மதுரைக்குப் போகிறது, எது பெங்களூருக்கு...

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வாடாமல்லி என் ஸ்டுடியோவுக்கு வரும்வரை.

வாடாமல்லிப் பூவைப் பார்த்திருப்பீர்கள். ஊதாவும் இல்லை, ரோஸும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிடிவாதமான நிறம். அந்த நிறத்தில் உடல், இலைப் பச்சையில் கரை. நேரில் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. என் கேமராவில் எடுத்தால்—நீலம்! பள்ளிக்கூடச் சீருடை மாதிரி ஒரு நீலம்.

கம்ப்யூட்டரில் ஏற்றித் திருத்தினேன். நீலத்தைக் குறைத்தால் கரையின் பச்சை, பழுத்த இலை மாதிரி ஆனது. பச்சையைச் சரிசெய்தால் நீலம் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் வெயிலில் எடுத்தேன். கொஞ்சம் தேவலாம். ஆனாலும் வாடாமல்லி இல்லை.

கடைசியில், கை அசந்துபோன தொழில்காரர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தேன். பழியை அடுத்தவர் மேல் போட்டேன். 'சாயத்தில் ஏதாவது புதிதாகக் கலக்கிறார்களா?' என்று சாவித்திரியிடம் கேட்டுவைத்தேன்.

நூலுக்குச் சாயம் போடுபவர் சாவித்திரியின் அக்கா வீட்டுக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவரைப் 'பாவா' என்றுதான் அழைப்பார். சாவித்திரி போய் பாவாவிடம் அப்படியே கேட்டிருக்கிறார். அவர் போட்டது போட்டபடி எழுந்து போய்விட்டாராம். அதற்குப் பிறகு பத்து நாள் இவர்கள் வீட்டுப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லையாம்.

என் கேமரா ஒரு குடும்பத்தில் சண்டை மூட்டிவிட்டது. அதோடு நின்றதா?

கோயம்புத்தூரில் ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளையின் அத்தை போன வருடம் திருத்தணிக்குச் சாமி கும்பிட வந்தபோது, ஆர்.கே.பேட்டைக்கே போய் சாவித்திரியிடம் ஒரு வாடாமல்லிப் புடவை வாங்கியிருந்தார். அதை ஒரு கிரகப்பிரவேசத்துக்குக் கட்டிக்கொண்டு போக, மொத்தக் குடும்பமும் மயங்கிவிட்டது. கல்யாணத்தன்று இரண்டு வீட்டுப் பெண்களும் அதே புடவையைக் கட்ட வேண்டும் என்று முடிவு. நாற்பது புடவை! நான்கு தறிக்கும் ஏறக்குறைய ஒரு மாத வேலை.

சாவித்திரி சந்தோஷமாக நான் எடுத்த படத்தை அனுப்பினார்.

மாப்பிள்ளையின் அம்மாவிடமிருந்து பதில் வந்தது. அத்தை கட்டியது இந்தப் புடவை இல்லையே, கையில் தேங்கிக் கிடக்கும் வேறு சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா என்று. அதே தறி, அதே சாயம் என்று சாவித்திரி எவ்வளவோ சொன்னார். நம்பவில்லை. ஒரு புடவையை அனுப்பி வைக்கட்டுமா என்றார். கல்யாணப் பெண் இருப்பது வெளிநாட்டில், அவள் சொந்தக்காரர்கள் நாலு ஊரில். எல்லோரும் போனில் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். புதன்கிழமைக்குள் உண்மையான கலரில் ஒரு படம் வந்தால் பார்க்கிறோம், இல்லாவிட்டால் வேறு இடம் என்று சொல்லிவிட்டார்கள்.

சாவித்திரி என் ஸ்டுடியோவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"ஆர்டர் போனா போவட்டும்க்கா," என்றார். "நான் பொய் சொல்றேன்னுட்டாங்க. அதான் தாங்கல."

பொய் சொன்னது நான் எடுத்த படம். பெயர் கெட்டது அவருக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சென்னையில் கண்காட்சி. எனக்கு ஏற்கெனவே பாஸ் வந்திருந்தது. ஒளித்து என்ன... நான் போக நினைத்தது புடவைக்காக இல்லை. புதிதாக வந்திருக்கும் ஒரு கேமராவைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று மூன்று மாதமாக ஆசை. இப்போது அதற்கு ஒரு நியாயமும் கிடைத்துவிட்டது. கேமரா பழசு, அதனால்தான் நிறம் வரவில்லை; புதுசு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும். எத்தனை சௌகரியமான கண்டுபிடிப்பு!

சாவித்திரியிடம் சொன்னேன். நானும் வருகிறேன் என்றார். அங்கே கூட்டமாக இருக்கும், எல்லாம் மெஷின் சமாச்சாரம், போரடிக்கும் என்றேன்.

"மெஷினு உங்களுக்குத் தெரியும். கலரு எனக்குத்தானே தெரியும்?" என்றார்.

ஞாயிறு காலை மின்சார ரயிலில் கிளம்பினோம். சாவித்திரியின் மடியில் புடவைப் பை. என் தோளில் ஏழு வருடப் பழைய கேமரா, சும்மா ஒரு ஒப்பீட்டுக்கு. மணவூர் தாண்டியதும் அவர் ஒரு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். பேச்சு தானாக வந்தது.

கண்காட்சி அரங்கத்துக்குள் நுழைந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நேராக அந்தப் புதிய கேமரா இருந்த ஸ்டாலுக்குப் போய் வரிசையில் நின்றேன். கறுப்பு டி-ஷர்ட் போட்ட விற்பனையாளர், கேமரா சாருக்கா என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். ஒரு கணம் விழித்துவிட்டுக் கையில் கொடுத்தார்.

அடடா...

மேடையில் ஒரு பெண் பாவாடை சுழல ஆடிக்கொண்டிருந்தாள். பட்டனை அழுத்தினேன். ஒரு நொடிக்கு முப்பது படம். அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் கேமரா அவள் கண்ணைத் தானே தேடிப் பிடித்துக்கொண்டது. சத்தமே இல்லை. என் கல்யாண வேலையில் தாலி கட்டும் அந்த ஒரு கணத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற வருடங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. இது கையில் இருந்தால் மூச்சு விட்டுக்கொண்டே எடுக்கலாம். இருட்டு மூலையில் திருப்பி எடுத்தேன். பகல் மாதிரி வந்தது. பத்து நிமிடம் சாவித்திரியைச் சுத்தமாக மறந்துபோனேன்.

யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள். சாவித்திரி. கையில் புடவை.

"அக்கா, இத்த எடுங்க."

டி-ஷர்ட்காரர் சிரித்துக்கொண்டே, இது வெடிங், வைல்டு லைஃப் மாதிரி பெரிய வேலைகளுக்கான கேமரா என்று விளக்கினார்.

"இதுவும் வெடிங்குக்குத்தான் தம்பி," என்றார் சாவித்திரி.

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் டி-ஷர்ட்காரரும் சம்மதித்தார். சாவித்திரியும் நானும் புடவையை விரித்துப் பிடிக்க, அவரே எடுத்தார். படம் பெரிய திரையில் வந்தது. சாவித்திரி முந்தானையைத் தூக்கிக்கொண்டுபோய்த் திரையின் ஓரமாகப் பிடித்தார்.

திரையில் இருந்தது நீலம். கையில் இருந்தது வாடாமல்லி.

இந்தியாவுக்கே புதுசாக வந்திருக்கும் கேமரா. அதிலும் நீலம்! என் சௌகரியமான கண்டுபிடிப்பு அங்கேயே செத்தது.

சாவித்திரி அசரவில்லை. புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஸ்டாலுக்கு நடந்தார். அங்கேயும் நீலம். அதற்கடுத்த ஸ்டாலில் நீலத்துக்குப் பதில் ரோஸ் வந்தது. ஒருவர் திரையின் மேல் குறை சொன்னார். இன்னொருவர், நீலம்கூட அழகாகத்தானே இருக்கிறது மேடம் என்று சமாதானம் செய்தார். ஒவ்வொரு இடத்திலும் சாவித்திரி அதே மாதிரி முந்தானையைத் திரையோரம் பிடிப்பார், தலையை ஆட்டுவார், நடப்பார். மூன்றாவது ஸ்டால் தாண்டும்போது திரும்பிப் பார்க்கிறேன்... எங்கள் பின்னால் வேலூர்ப் பக்கத்து போட்டோகிராபர்கள் நாலைந்து பேர் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் பட்டுப்புடவைக் கலர் இப்படித்தான் காலை வாருகிறதாம்.

அரங்கத்தின் கோடியில், கூட்டமே இல்லாத ஒரு ஸ்டால். மாடல் இல்லை, பாட்டு இல்லை. சில விளக்குகள், ஒரு லேப்டாப். அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் அனிதா. மதுரைக்காரர். விளக்குக் கம்பெனியில் டெக்னீஷியன். எங்கள் ஊர்வலத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து, முதல் காரியமாகப் புடவையைத் தொட்டுப் பார்த்தார். அதுவரை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஸ்டுடியோவில் என்ன லைட் என்று கேட்டார். சொன்னேன். எப்போது வாங்கியது? மாதங்களை விரல் விட்டு எண்ணினேன். பழைய விளக்குகள் சூடாகின்றன என்று தூக்கிப் போட்டுவிட்டு, மலிவாகக் கிடைத்ததே என்று புது எல்.இ.டி. வாங்கி மாட்டி ஆறு மாதம். வாடாமல்லித் தகராறு தொடங்கி ஐந்து மாதம்.

"இந்தக் கலருக்குள்ள சிவப்பும் நீலமும் சேந்து கெடக்குக்கா," என்றார் அனிதா. "உங்க லைட்ல அடர்சிவப்பு இல்லைன்னா, புடவை எங்கிட்டுப் போயி அதைத் திருப்பிக் குடுக்கும்?"

அவ்வளவுதான் விஷயம். கண் எப்படியோ சமாளித்துக்கொள்கிறது, கேமரா சமாளிப்பதில்லை. நான் கேமராவைச் சந்தேகப்பட்டேன், வெயிலைச் சந்தேகப்பட்டேன், பாவாவின் சாயத்தைச் சந்தேகப்பட்டேன். நானே கடைக்குப் போய், நானே பொறுக்கியெடுத்து, நானே சுவரில் மாட்டிய விளக்கை மட்டும் சந்தேகப்படவில்லை. தொழிலில் இருபது வருடம் தாண்டியவர்களுக்கு வரும் வியாதி இது. எல்லாவற்றையும் சோதிப்பார்கள்—தங்கள் கைவேலையைத் தவிர.

இந்த அரங்கத்து விளக்குகளும் அதே ரகம்தான் என்று சொல்லி, அனிதா தன் ஸ்டாலின் மேல்விளக்குகளை அணைத்தார். தன்னுடைய இரண்டு விளக்குகளை இரு பக்கமும் சாய்வாக நிறுத்தினார். உள்ளங்கை அளவில் ஓர் அட்டை, அதில் சின்னச் சின்னக் கட்டங்களாக நிறங்கள். அதைப் புடவை மடிப்பில் செருகினார். நான் புதிய கேமரா ஏதாவது எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், உங்கள் கேமராவிலேயே எடுங்கள் என்றார்.

எடுத்தேன். லேப்டாப்பில் ஏற்றினார். நீலம் போயிருந்தது. ஆனால் இன்னும் முழுசாக வரவில்லை. ஒவ்வொரு கேமராவும் நிறத்தைத் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் வளைக்குமாம். அட்டையில் இருக்கும் கட்டங்களின் உண்மையான நிறம் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதை வைத்து அந்த வளைவை நிமிர்த்திவிடலாம் என்றார். ஏதோ இரண்டு பட்டன்களைத் தட்டினார்.

திரை ஒரு முறை கண் சிமிட்டியது.

சாவித்திரி முந்தானையைத் திரையோரம் கொண்டுபோனார். அவர் அவசரப்படவில்லை. முதலில் உடலைப் பார்த்தார். பிறகு கரையை. பிறகு குனிந்து மடிப்புகளுக்குள் விழுந்த நிழலைப் பார்த்தார். புடவை எங்கே முடிகிறது, திரை எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை.

"ஆங்," என்றார். "இதான்."

வேலூர்க்காரர்களில் ஒருவர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த லைட் கூசுவதாகச் சொல்லிச் சமாளித்தேன். சற்று நேரத்தில் முதல் ஸ்டாலின் டி-ஷர்ட்காரர் அந்தப் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். தன் கேமராவுக்கும் ஒரு சந்தர்ப்பம் தர வேண்டுமாம். கொடுத்தோம். அதிலும் வாடாமல்லி பிசகாமல் வந்தது. நியாயத்தைச் சொல்ல வேண்டும் இல்லையா?

படத்தைக் கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். போனில் கண்ணுக்கு இதமாக மஞ்சள் வெளிச்சம் போடும் வசதி இருக்கிறதே, அதை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்க்கச் சொன்னார் அனிதா. சேர்த்தோம். பிறகு வெளி வராந்தாவில் உட்கார்ந்து காத்திருந்தோம்.

காத்திருந்த நேரத்தில் சாவித்திரி பாவாவைப் போனில் பிடித்தார். தெலுங்கில் விறுவிறுவென்று பேசினார். 'லைட்டு' என்ற சொல் நாலு தடவை வந்தது. போனை வாங்கி நான் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல மேடம்," என்றார் பாவா. "சாயம் கெட்டா மொதல்ல எனக்குத்தான் தெரியும்."

அதில் கோபம் இல்லை. தன் தொழில் தெரிந்தவரின் நிதானம். ஸ்டுடியோ விளக்கை மாட்டிய அன்று எனக்கு அதில் பாதி இருந்திருக்கலாம்.

ஒரு மணி நேரம் கழித்து மாப்பிள்ளையின் அத்தையிடமிருந்து குரல் பதிவு வந்தது. பீரோவிலிருந்து தன் புடவையை எடுத்துப் படத்தோடு வைத்துப் பார்த்திருக்கிறார். "இதேதானுங்க என்ற சேலை," என்றது அந்தக் குரல். அது முடிவதற்குள் மாப்பிள்ளையின் அம்மாவே அழைத்துவிட்டார். சாவித்திரி ஸ்பீக்கரில் போட்டார்.

"தப்பா நெனச்சுப்போட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

சாவித்திரி புடவையை மடியில் வைத்து இரண்டு முறை தடவினார்.

"நான் பொய் சொல்றவ இல்லீங்க," என்றார். "போட்டோ எடுத்த அக்கா பக்கத்துலதான் உக்காந்துகினு கீறாங்க. லைட்டு சரியில்ல, அவ்ளோதான். அவங்களையும் ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. எப்போ வேணும் சொல்லுங்க."

என் தவற்றுக்குக் கெட்ட பெயர் சுமந்தவர், அது தீர்ந்த நிமிடத்தில் என்னைக் காப்பாற்றினார். இதற்கு மேல் அவரைப் பற்றி நான் என்ன எழுத?

ஆர்டர் நாற்பதிலிருந்து நாற்பத்தைந்தானது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்த அம்மா போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனை வாங்கினேன்.

திட்டவில்லை. அவருக்கு ஒரு புதுக் கவலை வந்திருந்தது. கல்யாணத்தன்று நாற்பத்தைந்து பேரும் வாடாமல்லி கட்டிக்கொண்டு நிற்கும்போது, ஆல்பத்தில் அத்தனை பேரும் நீலமாக விழுந்துவிட்டால் என்ன செய்வது?

"நீங்களே வந்து எடுத்துக் குடுத்துருங்க," என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் அரக்கோணத்தைத் தாண்டி ஒரு கல்யாணத்துக்கு என்னை யாரும் அழைத்ததில்லை. வராந்தாவில் எழுந்து நின்று சரி என்றேன்.

மாலை ரயிலில் என் பக்கத்தில் இரண்டு விளக்குப் பெட்டிகள். கைப்பையில் அந்த நிற அட்டை. புதிய கேமரா அதன் ஸ்டாலிலேயே இருக்கிறது, சௌக்கியமாக. அடுத்த நாளே அந்த மலிவு எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டேன். ஆர்.கே.பேட்டையிலிருந்து இந்த வாரம் மட்டும் இன்னும் மூன்று வீட்டார் புடவை மூட்டையோடு வந்துவிட்டார்கள். அரக்கு, மயில் கழுத்து, கத்திரிப்பூ... எல்லாம் கேமராவை ஏமாற்றுகிற நிறங்கள். வரட்டும். இப்போது பயமில்லை.

கோயம்புத்தூர்க் கல்யாணம் தை மாதம். நாற்பத்தைந்து வாடாமல்லி, ஒரே மேடையில், ஒரே வரிசையில்... எனக்கு இப்போதே கண் கூசுகிறது!